முட்டைத் தட்டில் முப்பது பெயர்கள்

தட்டைத் தள்ளிவிட்டது நம்கியுவின் முழங்கை. வேறு யார்மீதும் பழி போட வழியில்லை. அந்த நேரத்தில் கடையின் முன்பக்கம் இருந்தது அவனும் ஒரு கிண்ணம் நூடுல்ஸும் மட்டும். நூடுல்ஸ் இடத்தைவிட்டு அசையவில்லை.

அது முப்பது குழி உள்ள அட்டை முட்டைத் தட்டு. குழிக்கு ஒரு துணிப் பட்டை, பட்டைக்கு ஒரு சிப்பாயின் பெயர். காலையில் சார்ஜென்ட் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு அவனே ஒவ்வொன்றாகப் படித்து, சட்டைகள் இருந்த அதே வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தான். இப்போது அமெரிக்க ராணுவத்தின் முப்பது குடும்பப் பெயர்கள் நாற்காலிக் காலுக்கடியில் கிடந்தன.

“என்னடா சத்தம்?” திரைக்குப் பின்னாலிருந்து அம்மா.

“ஒண்ணுமில்லம்மா.”

பட்டைகளைப் பொறுக்கிக் கைக்கு வந்த குழியில் போட்டான். வரிசையா? சட்டையில் குத்தியிருக்கும் சீட்டில் பெயர் இருக்கிறது, பட்டையில் பெயர் இருக்கிறது, அம்மாவுக்குக் கண் இருக்கிறது. படித்துப் பார்த்துத் தைத்துக்கொள்ளப் போகிறாள். இருபத்தொன்பது வயது மூளை இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு நூடுல்ஸுக்குத் திரும்பியது.

இது வியாழக்கிழமை மதியம். மாலைக்குள் அம்மா முப்பதையும் தைத்து முடித்தாள். ஆறு மணிக்கு மூட்டை போய்விட்டது.

நம்கியுவைத் தொடர்ந்து கவனித்து வருகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சியாட்டிலில் அவன் வேலை பார்த்த இணையக் கம்பெனி மே மாதம் கதவைச் சாத்தியது. ‘ரெண்டு வாரம் ஓய்வெடுத்துட்டுப் போறேன்’ என்று ஒரு பையோடு அம்மாவிடம் லேக்வுட்டுக்கு வந்தவன். இப்போது நவம்பர். சிகாகோவில் ஒரு வேலை கிடைத்து, சனிக்கிழமை காலை பத்து மணி விமானத்துக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது. அம்மாதான் அதைக் கடைச் சுவரில் குண்டூசி குத்தி மாட்டினாள். போகிற வருகிற சிப்பாய்களிடமெல்லாம், “என் பையன், சிகாகோ” என்றாள். அவளுடைய ஆங்கிலத்தில் அதற்கு மேல் விவரம் சொல்ல முடியாது. அவனுடைய வாழ்க்கையிலும் அதற்கு மேல் விவரம் இல்லை.

அம்மா பாங் ஓக்சூன். வயது ஐம்பத்தொன்பது. கொரியாவில், குன்சான் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். இருபது வருடங்களுக்கு முன் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் அமெரிக்காவில் வந்து இறங்கினாள். வந்த எட்டாம் வருடம் புருஷனின் இதயம் நின்றுபோனது. ராணுவ முகாம் வாசலுக்கு எதிரே, அடகுக் கடைக்கும் கோழி வறுவல் கடைக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தையல் கடையில், சிப்பாய்களின் நெஞ்சில் பெயர் தைத்தே இரண்டு பேரையும் படிக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது.

சார்ஜென்ட் ஹோல்கம் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். புது மணல் நிறச் சட்டைக்குள் முக்கால்வாசி காணாமல் போயிருந்தாள்.

“மிஸ் பாங், இந்தப் பொண்ணு பேரு டட்டில். நெஞ்சுல என்ன இருக்குன்னு பாருங்க.”

நம்கியு பார்த்தான். ‘மாலினாரி’ என்றிருந்தது. நேற்று விழுந்த முட்டைத் தட்டு அவன் காதுக்குள் மறுபடி விழுந்தது.

“மாலினாரி ஆறடி நாலங்குலம். அவன் இப்ப டட்டிலா நின்னுக்கிட்டிருக்கான். முப்பதுல இருபத்தொம்பது தப்பு. பெனவிடெஸ் ஒருத்தனுக்குத்தான் சரியா வந்திருக்கு. எல்லாரும் அவனையே சந்தேகமா பார்க்கறாங்க.” தோளில் கொண்டுவந்த மூட்டையை மேஜைமேல் இறக்கினார். “பாலைவனத்துப் போர்முனைக்குப் போறாங்க, மூணு மணிக்கு பஸ். குடும்பமெல்லாம் வழியனுப்ப வந்து மழைல நிக்குது. ரெண்டு மணிக்கு எனக்கு சட்டை வேணும். இருபது வருஷமா உங்ககிட்ட வர்றோம், மிஸ் பாங். இப்படி ஒரு தடவைகூட நடந்ததில்ல.”

அம்மா இடுப்பை வளைத்துக் குனிந்தாள். அவள் குனிந்தால் தலை மேஜை விளிம்புக்கு வந்துவிடும்.

“என் தப்பு. ரெண்டு மணி. தர்றேன்.”

‘என் தப்பு’ என்று அவள் சொன்ன அந்த இடத்தில் நம்கியு வாயைத் திறந்திருக்கலாம். திறந்தான். மூடிக்கொண்டான். வாயைத் திறந்து மூடுவதில் அவனுக்கு ஆறு மாதப் பயிற்சி இருந்தது.

“டட்டில், நீ இங்கயே இருந்து பிரிச்சுக் குடு” என்றுவிட்டு சார்ஜென்ட் மழைக்குள் போனார்.

இருபத்தொன்பது சட்டை. நாலு மணி நேரம். பழைய தையலைப் பிரித்து, சரியான பெயரை வைத்துத் தைக்க, சட்டைக்கு எட்டு நிமிடம் வரும். முதல் சட்டையைப் பிரிக்க நம்கியுவுக்கு இருபது நிமிடம் ஆனது. போனஸாகத் துணியில் ஒரு ஓட்டையும் போட்டான். டட்டில் அதற்குள் நாலு முடித்திருந்தாள்.

“நீங்க சிகாகோவுல இதையா செய்யப் போறீங்க?” என்று கேட்டாள்.

“இல்ல. அங்க கம்ப்யூட்டர்.”

“நல்லது” என்றாள், ஆறுதலாக.

அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். “நூல் கோத்துக் குடு.”

அவன் கோத்துக் கொடுத்தான். தினமும் காலையில் அதுதான் அவனுடைய முதல் வேலை. மெஷினுக்கு நூல் கோத்துவிட்டு, கையால் தைக்க இருபது ஊசியும் கோத்து, திண்டில் குத்தி வைக்க வேண்டும். ‘சும்மா இருக்கறவன் அதையாவது செய்’ என்பாள். கார் ஓட்டுவதும் அப்படித்தான். ‘சும்மா இருக்கறவன் டிரைவராவது இரு.’ ஆறு மாதமாக அவனும் அதை ஒரு தண்டனையாகவே ஏற்றுக்கொண்டிருந்தான்.

“பேரைப் படிச்சுப் படிச்சு என் கையில குடு” என்றாள் அம்மா. “நீ படி. நான் தைக்கறேன். நேரம் மிச்சம்.”

“கிரேவ்ஸ்.”

மெஷின் ஓடியது.

“வான்டர்ஹூவென்.”

ஓடியது.

இந்த நாட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இந்தப் பட்டைகளில்தான் படித்தாள். செய்தித்தாளைப் படிக்க வராது, பாங்க் கடிதத்தைப் படிக்க வராது. ஆனால் நாட்டில் உள்ள எந்தக் குடும்பப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் சொல்வாள். எட்டாம் வகுப்பில் நம்கியு ஒரு போலந்துப் பெயரைத் தப்பாக எழுதியபோது, அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே திருத்தினாள். அக்கா ஹேரான் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாள்.

அப்படிப்பட்டவள் நேற்று ஒரு சீட்டைப் பார்த்திருக்கிறாள், ஒரு பட்டையைப் பார்த்திருக்கிறாள். இரண்டிலும் வேறு வேறு பெயர். ஒரு தடவை அல்ல, இருபத்தொன்பது தடவை.

அந்த எண்ணம் வந்ததும் நம்கியு பிரித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தான்.

அம்மாவைப் பார்த்தான். அவள் ஊசியைப் பார்க்கவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்து, முகம் சுவரில் இருக்கும் டிக்கெட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எங்கோ திரும்பியிருந்தது. கட்டைவிரல் மட்டும் சட்டைப் பையின் விளிம்பைத் தடவித் தடவி முன்னால் போனது. அதன் பின்னால் துணி போனது.

“அம்மா, லைட்ட போடவா?”

“எதுக்கு? முடியை வெட்டிக்க. சிகாகோவுல இப்படியா போய் நிப்ப?”

இதுவும் ஆறு மாதமாக நடக்கிறது. காலையில் எழுந்தால் முடி, சாப்பிட்டால் முடி, கார் ஏறினால் முடி. தன்னிடம் வளர்ச்சி என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான் என்பதால் நம்கியு அதை வெட்டாமல் வைத்திருந்தான்.

பதினொன்றரைக்குப் பதினோரு சட்டை முடிந்திருந்தது. தேநீருக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் பின்பக்கம் போய் அக்காவுக்கு போன் செய்தான். அவள் டகோமாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள்.

“அக்கா, அம்மா கண்ணுக்கு ஏதாவது ஆகியிருக்கா?”

அந்தப் பக்கம் மாத்திரை எண்ணும் சத்தம் நின்றது.

“நீ நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பற?”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“அம்மா கார் ஓட்டி எத்தனை நாளாச்சு?”

“அது முழங்கால் வலின்னு... அக்கா, ஒரு கேள்விக்கு இந்த வீட்டுல யாராவது பதில்தான் சொல்லுவீங்களா?”

“எனக்குத் தெரியாதுடா. நிஜமா. அறுவடைப் பண்டிகைக்கு வந்தப்ப என் பொண்ணைப் பேர் மாத்திக் கூப்பிட்டாங்க. அவ பேசினதும் சிரிச்சு மழுப்பிட்டாங்க. கேட்டேன், ‘சாப்டியா’ன்னாங்க.” மாத்திரை எண்ணும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. “நீ ஆறு மாசமா ஒரே கூரைக்கடியில இருக்க. நீ எனக்கு போன் பண்ணிக் கேக்கற.”

நம்கியு போனை வைத்தான்.

அடுத்து அவன் செய்ததைப் பற்றி அவனுக்கே பெருமை கிடையாது. உள்ளே வந்தான். ‘ரூட்லெட்ஜ்’ என்று எழுதிய பட்டையை எடுத்தான். சட்டைச் சீட்டில் ‘கிம்பால்’ என்றிருந்தது. இரண்டையும் அம்மாவின் கண்ணெதிரே, வெளிச்சத்தில் பிடித்தான்.

“கிம்பால்” என்றான்.

அம்மா வாங்கினாள். பட்டையின் மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டி எது மேல், எது கீழ் என்று பார்த்துக்கொண்டாள். மெஷினுக்கடியில் வைத்தாள். மெஷின் ஓடியது.

ஒரு ஓரம் முழுக்க ஓடி, மூலை திரும்பிய பிறகுதான் அவனுக்குக் குரல் வந்தது.

“நிறுத்தும்மா. நான் தப்பா குடுத்துட்டேன்.”

“இன்னிக்குமா? கண்ணைத் திறந்து படிடா.”

டட்டில் தலை நிமிர்ந்து நம்கியுவைப் பார்த்தாள். சட்டையையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவர்களிடம் இல்லாத எட்டு நிமிடம் அதில் போனது.

அதற்கப்புறம் நம்கியு ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை படித்தான். ஒரு பட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள் முந்தையதைச் சரியாகக் கொடுத்தோமா என்று எட்டிப் பார்த்தான். முப்பது பேரில் யாராவது ஒருவன் இன்னொருவன் பெயரோடு அந்தப் பாலைவனத்தில் இறங்கிவிடுவான் என்று பயமாக இருந்தது.

அம்மாவுக்கும் அந்தப் பயம்தான். ஒரு மணிக்குப் பதினெட்டாவது சட்டையில் நூல் அறுந்தது. அவள் உதடு கோணியது. “நெஞ்சுல தப்பான பேர் இருந்தா, தப்பான வீட்டுக்குச் சேதி போகும்” என்றாள் கொரிய மொழியில், தனக்குத்தானே.

“கழுத்துல பேர் எழுதின தகடு இருக்கும்மா.”

“தகடு சட்டைக்குள்ள. கிடக்கறவனை ஓடி வந்து பாக்கறவன் முதல்ல சட்டையைத்தான் பாப்பான். யாரோ ஒரு அம்மா ரெண்டு நாள் அழுவா. இன்னொருத்தி ரெண்டு நாள் சிரிச்சுக்கிட்டிருப்பா.” நூல் நுனியை அவன் பக்கம் நீட்டினாள். “கோத்துக் குடு. சீக்கிரம்.”

அவன் கோத்தான். மூன்று தடவை தவறியது. கண் நன்றாகத் தெரிகிறவனுக்கே தவறியது.

ஒன்றே முக்காலுக்கு ஆறு சட்டை பாக்கி. அம்மா மெஷினை டட்டிலிடம் விடவில்லை. அவனிடமா, கேட்கவே வேண்டாம். அம்மாவின் விரல் ஒரு தடவை ஊசிக்கடியில் போய்விட்டது. இரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, மணல் நிறத் துணியில் படாமல் தைத்தாள். இரண்டு மணிக்கு சார்ஜென்ட் வந்து முடிந்தவற்றை அள்ளிக்கொண்டு ஓடினார். இரண்டே காலுக்கு மறுபடி வந்து மூன்றை எடுத்துப் போனார். “பஸ்ஸுக்கு எஞ்சின் போட்டாச்சு” என்றார். இந்தத் தடவை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இரண்டரைக்கு ஒன்றே ஒன்று மிச்சம். டட்டிலுடையது. “என்னோடது கடைசியா இருக்கட்டும், நான்தான் இங்கயே இருக்கேனே” என்று அவளாகவே ஒதுக்கி வைத்திருந்தாள்.

அதையும் தைத்து உதறிக் கொடுத்தாள் அம்மா. டட்டில் போட்டுக்கொண்டு பொத்தான் மாட்டினாள். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். உதடு வெளுத்திருந்தது.

“மிஸ் பாங், இப்ப என் பேர்தானா?”

கண்ணாடி எதிரிலேயே இருக்கிறது. குனிந்தால் அவளே படித்துக்கொள்ளலாம். ஆனாலும் அம்மாவைத்தான் கேட்டாள்.

அம்மா எழுந்து வந்தாள். அந்தப் பெண்ணின் நெஞ்சில் பட்டைமேல் கட்டைவிரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பூவேலைபோல் எழும்பி நின்ற எழுத்துகளின் மேல் விரல் எறும்பு மாதிரி நகர்ந்தது.

“டி” என்றாள். “யு.” விரல் நின்றது, திரும்பிப் போய் மறுபடி வந்தது. “டி. இன்னொரு டி.”

மூன்றாம் தடவையாக வந்திருந்த சார்ஜென்ட் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

“எல். ஈ.” அம்மா கண்ணைத் திறந்தாள். “டட்டில். சரி. போயிட்டு வா.”

காலையில் செய்து அடுப்புமேல் வைத்திருந்த கிம்பாப் சோற்றுச் சுருள்களை ஒரு தாளில் சுற்றி அவள் கையில் திணித்தாள். டட்டில் அம்மாவை ஒரு நொடி கட்டிக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் மழையில் ஓடினார்கள்.

ஆறு எழுத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நேற்று முப்பது சட்டைக்கு அவளால் இப்படித் தடவிப் படித்திருக்க முடியாது. படிக்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள். படிக்கிற வேலையைத்தான் பையனிடம் கொடுத்தாயிற்றே.

மூன்று மணிக்கு முகாமின் பின் வாசலிலிருந்து பஸ்கள் கிளம்பின. யாரோ ஹாரன் அடித்தார்கள். அம்மா ஜன்னலோரம் நின்று அந்தச் சத்தம் தேயும்வரை கேட்டாள். பிறகு தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பெருக்க ஆரம்பித்தாள். பாதியை விட்டுவிட்டுப் பெருக்கினாள். இதுவும் இத்தனை நாளாக நடந்திருக்கும். அவன் பின்னாலேயே போய்க் கையால் பொறுக்கினான்.

“அம்மா, நேத்து தட்டைத் தள்ளிவிட்டது நான்தான்.”

“தெரியும். விழுந்த சத்தம் கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன்...”

“என்ன சத்தம்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்ன. சரியா அடுக்கி வெச்சிருப்பேன்னு நினைச்சேன்.”

திட்டியிருந்தால் தேவலை. அவன் கையில் இருந்த நூல் துண்டுகள் மறுபடி கீழே விழுந்தன.

“எவ்வளவு நாளாம்மா?”

“எது?”

“கண்ணு.”

“வயசானா எல்லாருக்கும் மங்கும். சாப்டியா நீ? காலைலேர்ந்து பச்சைத் தண்ணி...”

“டாக்டர்கிட்ட போனியா?”

“நாளைக்கு விமான நிலையத்துக்கு ஆறு மணிக்காவது கிளம்பணும். ஹேரான் கார் எடுத்துக்கிட்டு வர்றேன்னிருக்கா.”

“நான் போகல.”

“போற.” துடைப்பம் தரையில் ‘டொக்’ என்று விழுந்தது. “இதுக்குத்தான், இதுக்குத்தான் நான் வாயைத் திறக்கல. நீ போகாம இருக்க ஒரு காரணம் தேடிக்கிட்டே இருக்க. அது என் கண்ணா இருக்க வேண்டாம்.” மூச்சு வாங்கியது. கொஞ்சம் தணிந்து, “முடியைக்கூட வெட்டல” என்றாள்.

நம்கியு மேஜையைச் சுற்றி வந்து அவளுக்கு நேர் எதிரே நின்றான். இரண்டடி தூரம். ஜன்னல் வெளிச்சம் அவன்மேல் விழுகிற மாதிரி நின்றான். ஆறு மாதமாக முகத்தில் மாட்டியிருந்த கேலிச் சிரிப்பைக் கழற்றி வைத்தான். அது வீண் வேலை என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்தே இருந்தது.

அம்மாவின் பார்வை அவன் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாப்பாடு, முடி, மழை எதுவும் வேண்டாம். என் மூஞ்சி உனக்குத் தெரியுதா?”

கோழி வறுவல் கடையில் எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது. அம்மா சுவர்ப் பக்கம் கை நீட்டி, தடவி, டிக்கெட்டைக் குத்தியிருந்த குண்டூசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது இருந்தது. பிறகு கையை இறக்கினாள்.

“இல்ல” என்றாள். “ஓரம் தெரியும். முடி தெரியும். ரெண்டு காதும் தெரியும். நடுவுல ஒண்ணுமில்ல, அழுக்குத் தண்ணி மாதிரி. போன குளிர்காலத்திலேர்ந்து இப்படித்தான். ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு, திரும்ப வராதுன்னுட்டாங்க.”

நிறுத்தினாள். அவன் நிற்கிற இடத்தை மூச்சுச் சத்தத்தால் கண்டுபிடித்து, முகத்தைச் சரியாக அவன் பக்கம் திருப்பினாள்.

“மே மாசம் நீ பையோட வந்து கதவைத் தட்டினியே, ‘நான்தாம்மா’ன்னு. அந்தக் குரலை வெச்சுத்தான் நீன்னு தெரிஞ்சுது. நீ வீட்டுக்கு வந்ததுலேர்ந்து உன் மூஞ்சியை நான் ஒரு நாள்கூடப் பார்க்கல.”